தெற்குக் கோல் பக்கத்துப் புல்

புதுக் கால்பந்து அரங்கத்துக் கூரையின் கடைசி இரும்புத் துண்டைத் தூக்கி வைத்த அன்று வேலையிடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்டர், எலக்ட்ரீசியன், காவலாளி, தேநீர் கொண்டுவந்தவர், திட்டத்தின் தலைவியம்மா, எல்லாரும்தான். கிரேன் அந்தத் துண்டை அங்குலம் அங்குலமாக இறக்க, மேலே நின்றவர்கள் பிடித்துப் பூட்ட, கீழே கைதட்டலும் விசிலும் பறந்தன. அத்தனை பேரிலும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருத்தர். அவர்தான் புல்லுக்காரர்.

பின்னே என்ன செய்வார்? மைதானத்தில் புல் விரிப்பதற்காக அவர் நூல் பிடித்த மாதிரி சமன்படுத்தி வைத்திருந்த மணலில் ஒரு கும்பல் பூட்ஸ் காலோடு ஏறி நின்றுகொண்டு கூரைக்குக் கைதட்டுகிறது.

"மணல்ல ஏறாதீங்கப்பா! எத்தனை தடவை சொல்றது!"

யார் காதில் விழுந்தது? தொண்டை கிழியக் கத்திவிட்டு, கடைசியில் அவரே மண்வாரியை எடுத்துக்கொண்டு காலடித் தடங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

கூரையைக் கட்டியவர் வேறு யாராவதாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பார். கட்டியவர் அவருடைய சொந்தச் சகலை. மனைவியின் தங்கை புருஷன். உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் இருக்க, இந்த அரங்கத்தின் கூரை வேலை அந்தச் சகலையின் கம்பெனிக்கே போய் விழ வேண்டுமா? விழுந்துவிட்டது. அதற்கு ரொம்ப முன்பே கால்பந்து கிளப் இவரை மைதானப் பொறுப்பாளராக எடுத்திருந்தது. ஆக, பெரிய மாப்பிள்ளை தரையில், சின்ன மாப்பிள்ளை உச்சியில். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர் கிடையாது.

மாமனாரோ கால்பந்து நடுவராக இருந்தவர். கால் ஓய்கிற வரைக்கும் மைதானத்தில் ஓடியவர். ரெஃப்ரீ என்றால்தான் அவர் தெருவில் ஆளைத் தெரியும். இன்றைக்கும் சட்டைப்பையில் மஞ்சள் அட்டை இருக்கும். சாப்பாட்டு மேஜையில் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொண்டால் எடுத்து நீட்டுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் புல்லுக்கு அல்லவா மரியாதை இருக்க வேண்டும்? அத்தனை வருஷம் ஓடியது கூரையிலா, புல்லிலா? ஆனால் கூடத்துச் சுவரில் தொங்கியதென்னவோ கூரையின் படம். பத்திரிகையில் வந்ததை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

"நம்ம சின்ன மாப்பிள்ளை கட்டுறது. நடுவுல ஒரு தூண் கிடையாது பாத்துக்கோங்க. எந்த சீட்ல உக்காந்தாலும் ரெண்டு கோலும் தெரியும்." பிறகு, பக்கத்தில் நிற்கிறவரைச் சும்மா விடக்கூடாதே என்று பெரிய மாப்பிள்ளைப் பக்கம் கையைக் காட்டுவார். "இவரும் அங்கதான் இருக்கார்."

இவரும் அங்கதான் இருக்கார்! வாசலில் விட்ட செருப்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அந்த மூணு சொல்லைப் புல்லுக்காரர் வீடு திரும்பும் வழியெல்லாம் மென்றுகொண்டே வருவார்.

"அப்பா ஏதோ பேச்சுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்களே" என்பாள் மனைவி.

"யாரு தூக்கி வச்சிருக்கா? என் மூஞ்சியே இதுதான்."

"கல்யாணத்தப்போ இப்படி இல்லையே."

"அப்போ சகலை கிடையாது."

சரி, அந்தச் சகலையாவது கொஞ்சம் திமிர் பிடித்தவராக இருக்கக் கூடாதா? இருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருக்கும். கூரைக்காரர் அப்படியும் இல்லை. எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் எழுந்து நின்று நாற்காலி கொடுப்பார். வரைபடத்தை நீட்டி, "சகலை, நீங்க ஒரு பார்வை பாருங்களேன்" என்பார். இவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்து, "ம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை.

இத்தனைக்கும் புல்லுக்காரர் தன் வேலையில் சோடை போனவர் அல்ல. ஊருக்கு வெளியே நாற்றங்கால் பிடித்து, விதை போட்டு, வெட்டி, உரம் வைத்து, பூஞ்சை வராமல் பார்த்து, பெற்ற பிள்ளையை வளர்ப்பது போல அந்தப் புல்லை வளர்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டம் தன் புல்லில் நடக்க வேண்டும், மாமனார் அதைப் பார்த்து வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் புல் நன்றாக இருக்கிறவரை ஒருத்தர் கண்ணிலும் படுவதில்லையே, அதற்கு என்ன செய்ய?

இரும்பு வேலை முடிந்து கூரைக்குத் தகடு போடும் கட்டம் வந்தது. கீழே புல்லுக்கு வெயில் வேண்டும் என்பதால், தெற்குப் பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிந்த தகடு போடுவதாகத்தான் முதலில் பேச்சு. அதற்குள் டிவிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மைதானத்தில் பாதி வெயில், பாதி நிழல் என்று கோடு விழுந்தால் கேமராவில் பந்தே தெரியாது, பால் நிறத் தகடாகப் போடுங்கள், வெளிச்சம் பரவலாக விழும் என்றார்கள். கிளப்பும் தலையை ஆட்டிவிட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் கூரைக்காரர் இவரைப் பால்கனிக்கு அழைத்துப் போய், பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்தார். ஒன்று தெளிவு, ஒன்று பால் நிறம்.

"சகலை, ஒண்ணு கேக்கணும். பால் கலர் போட்டா புல்லுக்கு ஏதாவது ஆகுமா? லேப்புக்கு அனுப்பலாம்னு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்."

புல்லுக்காரர் பால் நிறத் துண்டை வெயிலில் பிடித்து, அதன் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிட்டது. கோடையில் எப்படியோ தாங்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து சாய்வாக வரும்போது, தெற்குக் கோல் பக்கத்துக்கு இந்தத் தகட்டைத் தாண்டித்தான் வெளிச்சம் வந்தாக வேண்டும். இதில் பாதிகூட இறங்காது. புல் பட்டினி கிடக்கும். வேண்டாம் சகலை, போடாதீங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா கூடத்தில் மாமனார் போனில் பேச வேண்டும்? "ஆமாமா, சின்னவர்தான். தங்கமான கை அவருக்கு... பெரியவரா? அவரும் அங்கதான் இருக்கார்."

புல்லுக்காரர் துண்டைச் சகலையின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ஒண்ணும் ஆகாது சகலை" என்றார். "பிரமாதமா இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

கூரைக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், மறுபடி குலுக்கினார். புல்லுக்காரருக்கு அந்தக் கையை உதறிவிடலாம் போல இருந்தது.

அவர் போட்ட கணக்கு இதுதான். குளிர் வரும், தெற்குக் கோல் பக்கம் புல் கொஞ்சம் வாடும், ஜனங்கள் மறுபடி அண்ணாந்து பார்ப்பார்கள், இந்தத் தடவை கைதட்டுவதற்கு அல்ல. கூரைதான் கெடுத்தது என்று நாலு பேர் சொல்வார்கள். அப்போது இவர் வந்து புல்லைக் காப்பாற்றிக் காட்டுவார். சகலையின் மானம் முழுசாகப் போக வேண்டாம், கொஞ்சம் போனால் போதும்.

தகடு ஏறியது. நாற்றங்காலிலிருந்து புல்லைச் சுருள் சுருளாக லாரியில் கொண்டுவந்து விரித்தார்கள். விரித்த அன்று பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு குளிர்காலம் வந்தது. அவர் கணக்குப் போட்ட இடத்தில், கணக்குப் போட்டபடியே, தெற்குக் கோல் முன்னால் புல் வெளிறியது, மெலிந்தது, மஞ்சளடித்தது.

ஆனால் ஒருத்தராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! இத்தனை காலம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், முதல் தடவையாகக் கீழே பார்த்தார்கள்.

"என்ன சார், புல்லு இப்படிக் கிடக்கு? தண்ணி விடுறீங்களா இல்லையா?"

"வேற நல்ல ஜாதிப் புல்லு கிடைக்கலையா?"

"மேல பாருங்க, எவ்வளவு அழகா வந்திருக்கு. கீழதான் சொதப்பிட்டாங்க."

இது அவருடைய காதுபடவே. புல்லுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. செயற்கை வெளிச்சம் கொடுக்கும் விளக்கு வண்டிகளைக் கிளப் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. இங்கே தேறினால் அங்கே வாடியது. முழங்கால் போட்டு உட்கார்ந்து புல்லைக் கோதிக் கோதிப் பார்த்தார். என்ன நோய் என்று ஊரெல்லாம் கேட்டது. நோய் எதுவென்று அவர் ஒருத்தருக்குத்தானே தெரியும்? சகலையின் காலை வாரப் போய் சொந்தப் பிள்ளையின் கழுத்தை நெரித்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாமா என்றுகூட இருந்தது.

லீக்கிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லி மனிதர், அதிகம் பேசவில்லை. தெற்குக் கோல் முன்னால் போய்க் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகினார். பழைய ஜமுக்காளத்தின் ஓரம் மாதிரி புல் வேரோடு பெயர்ந்து வந்தது.

"இதுல ஆட விட முடியாது" என்றார். "சரி பண்ணுங்க, மறுபடி வந்து பாக்கறேன். அப்பவும் இப்படி இருந்தா முதல் ஆட்டம் பழைய மைதானத்துலதான்."

மறுநாள் காலையே தலைவியம்மா கூட்டம் போட்டார். நீள மேஜையின் இந்தப் பக்கம் புல்லுக்காரர், அந்தப் பக்கம் கூரைக்காரர். அந்தம்மா சுற்றி வளைக்கிற ஆள் கிடையாது.

"கூரைக்கு அடியில மட்டும் புல்லு சாகுதுன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லணும். தகட்டை மாத்தறப்போ மைதானப் பொறுப்பாளரைக் கேட்டீங்களா?"

முடிந்தது கதை என்று நினைத்தார் புல்லுக்காரர். இவன் இப்போது சொல்லப் போகிறான். கேட்டேன், இவர்தான் ஒண்ணும் ஆகாதுன்னார் என்று. அத்தோடு வேலை போச்சு, பேர் போச்சு, மாமனார் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

கூரைக்காரர் ஒரே ஒரு தடவை இவரைப் பார்த்தார்.

"கேக்கல மேடம். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பார். சரியா பாக்காம போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

புல்லுக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவ்வளவு பெரிய மனுஷன் குடித்த தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது.

தெற்குப் பக்கத் தகடுகளைக் கழற்றித் தெளிந்த தகடு போட்டார்கள். செலவு கூரைக் கம்பெனி தலையில். கம்பெனி சும்மா இருக்குமா? கூரைக்காரரை வேலையிடத்திலிருந்து எடுத்து, அலுவலகத்தில் யாரோ போட்ட வரைபடங்களைச் சரிபார்க்க உட்காரவைத்தது. இதைவிடப் பெரிய அரங்கம் ஒன்று அடுத்து அவர் கைக்கு வருவதாக இருந்தது. அது வேறொருவருக்குப் போனது. டிவிக்காரர்கள் முணுமுணுத்துவிட்டுத் தங்கள் கேமராவைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம், யார் கேட்பது?

வெயில் இறங்கியது. புல் பிழைத்தது. ஆய்வாளர் வந்து குதிகாலைத் திருகியபோது அவருடைய குதிகாலுக்குத்தான் வலித்திருக்கும்.

மாமனார் வீட்டில் கூரைப் படம் இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருந்தது.

"கூடவே ஒருத்தரை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்காம போட்டானாமே! என்ன அலட்சியம்!" என்று மாமனார் பொரிந்தார். "பெரிய மாப்பிள்ளை மட்டும் இல்லேன்னா மானம் கப்பலேறியிருக்கும். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க மாப்பிள்ளை, ஃபேன் காத்து நல்லா வரும்."

எத்தனை வருஷமாக ஏங்கிய ஃபேன் காற்று! புல்லுக்காரர் உட்கார்ந்தார். காற்று வந்தது. சுகம்தான் வரவில்லை. எதிரே சின்னவர் பேரப்பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து காகிதத்தில் ராக்கெட் செய்துகொண்டிருந்தார், ஒரு வருத்தமும் இல்லாத மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்கப் புல்லுக்காரருக்கு இன்னும் எரிந்தது. ஏன் அப்படிச் சொன்னான்? தியாகியா இவன்? கூரை கட்டித்தான் தலைக்கு மேலே ஏறினான் என்றால், இப்போது குணத்திலும் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டானே. இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எனக்கு வராதே என்று பொறாமைப்பட்டார். கொடுமையைப் பாருங்கள், தன்னைக் காப்பாற்றியவன் மேலேயே பொறாமை.

திறப்பு விழா ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனார்கள். கிளப் கொடுத்த இடம், தெற்குக் கோலுக்குப் பக்கத்தில். முன்வரிசையில் தலைவியம்மா. ஆட்டம் தொடங்கும் முன்பு புல்லுக்காரர் சின்னவரைத் தனியே படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இனிமேல் தாங்காது.

"ஏன் சகலை அப்படிச் சொன்னீங்க? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே. நான் தெரிஞ்சேதான் சொன்னேன். புல்லு போகும்னு தெரிஞ்சே சொன்னேன்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"புல்லு மஞ்சளாச்சே, அப்போலேருந்து. உங்களுக்குத் தெரியாம இருக்க வழியே இல்ல."

"அப்புறம் எதுக்குய்யா வாயை மூடிக்கிட்டு எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டீங்க?"

கூரைக்காரர் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா என்னைப் பாராட்டுவார். அவருக்கு இரும்பும் தெரியாது, தகடும் தெரியாது. எது பளபளன்னு இருந்தாலும் பாராட்டுவார். அந்த வீட்டுல வேலை தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் சகலை. கல்யாணமான நாள்லேருந்து எத்தனை வரைபடத்தைக் காட்டியிருப்பேன், 'ம்'னு மட்டும்தானே சொன்னீங்க? அன்னைக்குப் பிரமாதமா இருக்குன்னீங்க. எனக்குத் தலைகால் புரியல. லேப்புக்கு எடுத்து வச்ச துண்டை அனுப்பவே இல்ல. அனுப்பியிருந்தா ரெண்டே நாள்ல தெரிஞ்சிருக்கும். அனுப்பாதது யாரு? அதைத்தான் என் தப்புன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். புல்லுக்காரர் படிக்கட்டிலேயே நின்றார். யாரோ கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. மாமனார் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"புல்லைப் பாத்தீங்களா? இந்த மாதிரிப் புல்லுல நான் ஓடினதே இல்ல. எங்க பெரிய மாப்பிள்ளை போட்டது." அந்த வார்த்தை! ஆயுசுக்கும் காத்திருந்த வார்த்தை. பிறகு மாமனாரின் கை ஒரு பேச்சுக்காகச் சின்னவர் பக்கம் திரும்பியது. "இவரும் இங்கதான் இருந்தார்."

சின்னவர் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் புல்லுக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

எழுந்து நின்றுவிட்டார்.

"மாமா, அவர் கேட்டார். தகட்டை என்கிட்ட காட்டிக் கேட்டார். ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொன்னது நான்தான்!"

அதே நொடியில் கோல் விழுந்தது. அரங்கமே எழுந்து அலறியது. சின்னவர் கட்டிய கூரை அந்தச் சத்தத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் திருப்பித் தலையிலேயே கொட்டியது.

"என்ன மாப்பிள்ளை?" மாமனார் காதருகே கையை வைத்துக்கொண்டு கத்தினார். "காதுல விழல!"

சின்னவர் காதில் விழுந்திருந்தது. வேண்டாம், விடுங்க என்று தலையை ஆட்டினார். ஒண்ணுமில்ல மாமா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒரு தடவை சொல்லியாயிற்று, விழாதது இவர் குற்றமா? புல்லுக்காரர் உட்காரப் பார்த்தார். முழங்கால் பாதி மடங்கியும்விட்டது. பிறகு நிமிர்ந்து, சத்தம் அடங்கும்வரை நின்று, முன்வரிசைத் தலைவியம்மாவுக்கும் விழும்படி, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார்.

தலைவியம்மா திரும்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மாமனாரின் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் அட்டைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது. பிறகு எழுந்தார். பெரியவரைத் தாண்டிப் போய்ச் சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். ஆட்டத்தின் மிச்சத்தை அப்படியே பார்த்தார்.

புல்லுக்காரருக்கு வயிறு எரிந்தது. ஆமாம், இவ்வளவுக்குப் பிறகும், வெட்கமே இல்லாமல் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார். தலையை நிமிர்த்தி, அந்தக் கூரையை முதல் தடவையாக ஒழுங்காக அண்ணாந்து பார்த்தார். நடுவில் தூண் இல்லை. தெற்கே தெளிந்த தகடு வழியாக வெயில் நேராகக் கோல் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"சகலை" என்றார். சின்னவர் திரும்பினார்.

"நல்லா கட்டியிருக்கீங்க. நிஜமாத்தான் சொல்றேன். வேணும்னா லேப்புக்கு அனுப்பிப் பாத்துக்கோங்க."